ஒரே நாற்காலிக்கு இரண்டு முறை சேர்ந்தவள்

நான் ஓய்வு பெற இரண்டு வாரம் இருந்தபோது, எங்கள் அலுவலகத்தில் பதிவேடுகளைப் பார்க்கும் கிராணி சாந்தி என் பணிப் பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு என் மேசைக்கு வந்தாள். அவளுக்கு அப்போது ஆறு மாதம். நடக்கும்போது ஒரு கை இடுப்பில் இருக்கும்.

"ஆண்ட்டி, இதுல ஏதோ தப்பா எழுதியிருக்காங்க. நீங்க ரெண்டு தடவ வேலைக்குச் சேந்த மாதிரி இருக்கு. நடுவுல எப்ப நின்னீங்க?"

"நான் நிக்கவே இல்லையேம்மா."

"இங்க பாருங்க, ஒரு வெள்ளிக்கிழம ராஜினாமா. பத்து நாள் கழிச்சுத் திங்கக்கிழம புது நியமனம். அதே வேல, அதே இடம்."

"அந்தப் பத்து நாள்லதான் எனக்குக் கல்யாணம்."

சாந்திக்கு விளங்கவில்லை. கல்யாணத்துக்கும் ராஜினாமாவுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டாள். அவளுடைய பிரசவ விடுமுறை மனு அந்த வாரம்தான் கையெழுத்தாகியிருந்தது. கேட்க வேண்டிய கேள்விதான். கோப்பி குடிக்கும் நேரத்தில் சொல்லத் தொடங்கினேன், மணியடித்தும் முடியவில்லை. "எழுதி வைங்க ஆண்ட்டி, நாங்க யாரும் நம்பமாட்டோம்" என்றாள். அதனால் எழுதுகிறேன்.

நான் பிறந்து வளர்ந்தது மலாக்கா டவுனில், காஜா பெராங் பகுதியில். அப்பா ரப்பர் தோட்டத்தை விட்டு மலாக்கா டவுனுக்கு வந்து, தண்ணீர்க் குழாய் பதிக்கும் வேலையில் இருந்தார். நகர வேலை கிடைத்ததில் அவருக்குப் பெருமை அதிகம். என்னை ஆங்கிலப் பள்ளிக்கு அனுப்பியதும் அவர்தான். ஆனால் படிப்பு முடிந்து, தொலைபேசி நிலையத்தில் பெண்களை எடுக்கிறார்கள் என்று நான் மனு எழுதியபோது முகம் சுருங்கிவிட்டது.

"கண்டவன்கூடப் பேசுற வேல. டவுனுக்கு வந்து மானத்தோட இருக்கோம்" என்றார்.

அம்மா அடுப்படியிலிருந்து திரும்பாமலே கேட்டார்: "நான் பத்து வயசுலருந்து ரப்பர் மரத்துல பால் வெட்டுனேனே, அப்ப மானம் எங்க போயிருந்துச்சு? தோட்டத்துல வேலைக்குப் போகாத பொம்பளைய நான் பாத்ததே இல்ல. டவுனுக்கு வந்தப்பறம்தான் பொம்பள வீட்ல இருக்கணும்னு உங்களுக்குத் தெரிஞ்சுச்சா?"

அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார். மறுநாள் மனுவைத் தபாலில் சேர்த்தது அவர்தான்.

மூன்று மாதப் பயிற்சியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. எண்களை எப்படி உச்சரிப்பது, கை எந்த வரிசையில் நகர வேண்டும், எதைக் கேட்க வேண்டும், எதைக் கேட்கக் கூடாது, இவ்வளவுதான். சொல்ல வேண்டியது பயிற்சிக்குப் பிறகு நான் போய் முன்னால் உட்கார்ந்த இணைப்புப் பலகையைப் பற்றி.

இன்று எண்ணை அழுத்தினால் மணி அடிக்கிறது. அன்று ரிசீவரை எடுத்தால் எங்கள் பலகையில் ஒரு சிறு விளக்கு எரியும். எங்கள் ஒவ்வொருவர் முன்னாலும் ஜோடி ஜோடியாக இணைப்புக் கயிறுகள் நிற்கும். பின்கயிற்றை எடுத்து விளக்குக்குக் கீழே உள்ள துளையில் செருகி, எண் என்னவென்று கேட்க வேண்டும். முன்கயிற்றை அந்த எண்ணின் துளையில் செருகி மணியடிக்க வேண்டும். இருவரும் பேச ஆரம்பித்ததும் நாங்கள் காதை எடுத்துவிட வேண்டும். வெளியூர் அழைப்பென்றால் ஒரு துண்டுச் சீட்டில் யார், யாரை, எப்போது என்று எழுதி, பேச்சு தொடங்கிய நேரத்தையும் முடிந்த நேரத்தையும் குறிக்க வேண்டும். பேச்சு முடிந்தால் அந்த ஜோடியின் இரண்டு விளக்குகளும் எரியும். பேச்சுக்கு நடுவில் கயிற்றின் விளக்கு சிமிட்டினால் கயிற்றில் கோளாறு என்று பொருள். உடனே வேறு ஜோடிக்கு மாற்றிவிட்டு, பழுதுப் புத்தகத்தில் எழுத வேண்டும்.

பகல் வேலையில் ஏழு பெண்கள். இரவில் ஆண்கள். ஒரே பலகை, ஒரே வேலை. சம்பளம் மட்டும் ஒன்றல்ல. ஜாலான் துக்காங் எமாஸ் தெரு நகைக்கடைக்காரரும், ஆற்றோரத்து ரப்பர் வியாபாரியும், மருத்துவரும், பள்ளித் தலைமையாசிரியரும் எங்கள் விரல் வழியாகத்தான் பேசினார்கள். ஊரின் வியாபாரம் முழுக்க எங்கள் மடிமீது கிடக்கும் கயிறுகளில் ஓடியது. ஊருக்கு எங்கள் முகம் தெரியாது.

எங்கள் மேற்பார்வையாளர் மிஸ் டி குரூஸ். போர்த்துகீசியக் குடியிருப்பைச் சேர்ந்தவர். மெலிந்த உடம்பு, எப்போதும் சாம்பல் நிறப் பாவாடை, ரப்பர் அடி வைத்த செருப்பு. பின்னால் வந்து நிற்பது தெரியாது. யார் தப்பு செய்தாலும் எல்லோர் முன்னிலையிலும் ஒரு வார்த்தை சொல்லமாட்டார். நாற்காலியின் முதுகை விரலால் இரண்டு முறை தட்டுவார். தட்டப்பட்டவள் வேலை முடிந்து போகும்போது அவர் மேசைக்குப் போக வேண்டும். அங்கே அந்தச் சீட்டையோ, அந்த எண்ணையோ எடுத்து வைத்து, "இத மறுபடி செய்" என்பார். செய்து காட்ட வேண்டும். அவ்வளவுதான். எங்களிடம் ஆங்கிலத்தில்தான் பேசுவார். கோபம் வந்தால் மலாய் வரும். அவர் வாயிலிருந்து மலாய் கேட்டவர்கள் நாலைந்து நாள் தூக்கம் கெட்டிருப்பார்கள்.

நாட்டுக்குச் சுதந்திரம் எந்த நாள் என்று எங்கள் ஊர் பண்டா ஹிலிர் பாடாங்கில் அறிவித்த காலையை நான் பலகையில் கழித்தேன். ஊரே திடலில் இருந்தது. நாங்கள் ஏழு பேரும் நாற்காலியில். அறிவிப்பு முடிந்த மறுநிமிடம் பலகை முழுக்க விளக்கு எரிந்தது. கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் இருந்த கம்பிகள் கொஞ்சம், கேட்டவர்கள் ஊர் முழுக்க. நகைக்கடைக்காரர் ஒருவர் சிங்கப்பூரில் இருந்த தம்பியிடம் "தேதி சொல்லிட்டாங்கடா!" என்று கத்தியது, நான் காதை எடுப்பதற்குள் என் காதில் விழுந்துவிட்டது. மிஸ் டி குரூஸ் தாமே ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு ஒவ்வொருத்தியாக ஐந்து நிமிடம் விடுவித்தார். "ஜன்னல்ல போய்ப் பாரு. பாத்துட்டு வா" என்றார். நான் பார்த்தேன். லாரிகளில் கொடிகளோடு ஆட்கள் போனார்கள். ஐந்து நிமிடம் முடிவதற்குள் ஓடி வந்து உட்கார்ந்துவிட்டேன். இதில் எனக்கும் பங்கு உண்டு என்று நினைத்தேன். வயது இருபது.

சுதந்திரம் வந்தது. அடுத்த ஆண்டு எனக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. மாப்பிள்ளை சுப்பையா, பஸ் பட்டறையில் ஃபிட்டர். நல்ல மனிதர். பத்திரிகையை எடுத்துக்கொண்டு மிஸ் டி குரூஸிடம் போனேன். வாங்கிப் படித்தார். வாழ்த்துச் சொன்னார். பிறகு இழுப்பறையைத் திறந்து, ஏற்கெனவே அச்சடித்த தாள் ஒன்றை எடுத்து என் முன் வைத்தார்.

திருமணமாகும் பெண் ஊழியர் நிரந்தரப் பதவியிலிருந்து விலக வேண்டும். விரும்பினால் மாதத்துக்கு மாதம் புதுப்பிக்கும் தற்காலிக வேலைக்கு மனுச் செய்யலாம். அதுதான் சட்டம். ஓய்வூதியம் இல்லை. பிரசவ விடுமுறை இல்லை. வெள்ளைக்காரர் காலத்துச் சட்டம்; அதிகாரி நாற்காலியில் நம் ஊர்க்காரர் வந்து உட்கார்ந்த பிறகும் தாள் மாறவில்லை.

"கையெழுத்துப் போட்டா கல்யாணம் முடிஞ்ச திங்கட்கிழமை அதே இடத்துல உட்காரலாம். போடலேன்னா இடம் இல்ல" என்றார் மிஸ் டி குரூஸ். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. பேனாவின் மூடியைத் திறந்து நீட்டினார்.

போட்டேன். பத்து நாள் கழித்து, கழுத்தில் தாலியோடு, அதே நாற்காலியில், அதே ஹெட்செட்டை மாட்டி உட்கார்ந்தேன். பலகைக்கு வித்தியாசம் தெரியவில்லை. எனக்குத்தான் தெரிந்தது. நிரந்தரமாக இருந்தபோது யாராவது அதட்டினால் நிமிர்ந்து பதில் சொல்வேன். மாதாமாதம் புதுப்பிக்கப்படும் ஆளாக ஆனதும், கேட்பதற்கு முன்பே தலையாட்டப் பழகிவிட்டேன். அது எனக்கு எவ்வளவு தூரம் பழகிப்போயிருந்தது என்பது தேவியின் விஷயத்தில்தான் தெரிந்தது.

தேவி எனக்கு அடுத்த நாற்காலி. காஜா பெராங்கிலேயே, கம்போங் செட்டிக் குடியிருப்பில் வீடு. மலாக்காச் செட்டிகளைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: எங்களைப் போலவே சாமி கும்பிடுவார்கள், பெண்கள் கெபாயா என்ற மலாய் மேல்சட்டை உடுத்துவார்கள், வீட்டில் பேசுவது மலாய். தேவிக்குத் தமிழ் நாலைந்து வார்த்தைதான். நாங்கள் மலாயில்தான் பேசிக்கொள்வோம். என்னைவிட மூத்தவள், அதனால் நான் "காக் தேவி" என்று அழைப்பேன். மலாயில் காக் என்றால் அக்காள். பலகையில் அவளைப் போல் வேகமான கை கிடையாது. வேலை பழகிய முதல் மாதங்களில் என் விளக்கு எரிந்து நான் தடுமாறினால், என் பக்கம் பார்க்காமலே அவள் கை நீண்டு வந்து செருகிவிட்டுப் போகும்.

அவளும் கல்யாணத்துக்காக ராஜினாமா எழுதியவள்தான். கணவருக்கு நெஞ்சுநோய். ஆஸ்பத்திரியில் பல மாதம் கிடந்து, வீட்டுக்கு வந்து, மறுபடி போவார். வீட்டில் சம்பாதிப்பவள் அவள் ஒருத்தி. அந்த நிலையில் அவளுக்குக் குழந்தை உண்டானது. கெபாயாவைத் தளர்த்தித் தைத்துக்கொண்டு ஆறு மாதம் ஓட்டினாள். எங்கள் எல்லோருக்கும் தெரியும், யாரும் பேசவில்லை. ஏனென்றால் மிஸிஸ் லிம் என்று ஒருத்தி இருந்தாள். பிரசவத்துக்குப் போனவள் திரும்பி வந்தபோது, அவள் இடத்தில் வேறு பெண் உட்கார்ந்திருந்தாள். மிஸிஸ் லிம் அப்படியே திரும்பி நடந்து போனதை நாங்கள் கயிறுகளைக் கையில் வைத்துக்கொண்டே பார்த்தோம்.

ஏழாம் மாதத்தில், ஒரு பகல். ரப்பர் வியாபாரி ஒருவர் சிங்கப்பூருக்கு வெளியூர் அழைப்புக் கேட்டிருந்தார். தேவி ஒன்பதாம் ஜோடியில் அதை இணைத்தாள். நல்ல வெயில். மின்விசிறி எங்கள் பக்கம் வராது. தேவி பலகையின் விளிம்பில் நெற்றியை வைத்துக் கண்ணை மூடினாள். ஒரு நொடி, இரண்டு நொடி. பேச்சு அறுந்தது. அவள் நிமிர்ந்து மறுபடி இணைப்பதற்குள் வியாபாரி ரிசீவரை வைத்துவிட்டார். மாலைக்குள் புகார் வந்துவிட்டது. பேசி முடித்த விலை கைநழுவிப் போயிற்றாம்.

நான் பார்த்ததை இங்கே தெளிவாக எழுத வேண்டும். தேவி தலை சாய்ப்பதற்கு முன்பே அந்த ஜோடியின் விளக்கு சிமிட்டியது. நான் பார்த்தேன். அது மட்டுமல்ல. இரண்டு நாளுக்கு முன்பு தேவி வராத ஒரு நாளில் அவள் இடத்தில் நான் உட்கார்ந்திருந்தேன். ஒன்பதாம் ஜோடி அப்போதே தகராறு செய்தது. பழுதுப் புத்தகத்தில் என் கையால் எழுதினேன். மெக்கானிக் வந்து பார்க்கவில்லை.

மறுநாள் காலை எங்கள் அதிகாரி என்னைத் தம் அறைக்குக் கூப்பிட்டார். கெட்ட மனிதரில்லை. புதிதாக அந்தப் பதவிக்கு வந்தவர். எந்தப் புகாரும் தமக்கு மேலே போய்விடக் கூடாது என்ற கவலை எந்நேரமும் முகத்தில் இருக்கும்.

"உன் பக்கத்து இடம். அவ தூங்கிட்டாளா?"

"தூங்கல சார்."

"அப்ப எப்படி லைன் கட் ஆச்சு? அவளுக்கு ஏழு மாசம்னு கேள்விப்பட்டேன். அதனாலதானே?"

எனக்கு அப்போது மூன்று மாதம். சுப்பையாவைத் தவிர யாருக்கும் தெரியாது. கயிறு என்று சொன்னால், ஏன் மாற்றவில்லை, யார் எழுதியது, எப்போது எழுதியது என்று கேள்வி நீளும். என்னைக் கூர்ந்து பார்ப்பார். அந்த அறையை விட்டு வெளியே போனால் போதும் என்று இருந்தது.

"நான் கவனிக்கல சார்" என்றேன்.

அவர் தலையசைத்து ஏதோ எழுதினார். மாலையில் தேவிக்குக் கடிதம் வந்தது. மாதக் கடைசியோடு வேலை புதுப்பிக்கப்படாது.

அந்த மாதங்களில் தேவி சைக்கிளை விட்டிருந்தாள். நான் என் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அவளோடு நடப்பேன். அன்றும் நடந்தோம். சந்தையைத் தாண்டினோம். பிறகு அவள் கேட்டாள்.

"உன்னையும் கூப்பிட்டாங்களாமே. நீ பாத்தியா, இல்லையா?"

நான் சைக்கிளின் கைப்பிடியைப் பார்த்துக்கொண்டே தள்ளினேன். அவளுக்கு அதுவே போதுமாக இருந்தது.

"தாக் அப்பா லா" என்றாள். பரவாயில்லை என்று பொருள். நின்று, ஒரு திரிஷா வண்டியைக் கை காட்டி ஏறிக்கொண்டாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

வீட்டில் சோற்றைப் பாதியில் மூடி வைத்தேன். சுப்பையா கேட்டார், சொன்னேன். "நீ பாத்தத சொல்லிடு. வேல போனா போவுது. நான் இருக்கேன்ல" என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"போனா போவுதுன்னு சொல்லாதீங்க. அது என் வேல. நீங்க ஃபிட்டர் வேலைய அப்படிச் சொல்வீங்களா?"

"சொல்லமாட்டேன்" என்றார். "தப்புதான். நீயே முடிவு பண்ணு. எதுவா இருந்தாலும் நான் கூட இருப்பேன்."

முடிவு என்று ஒன்றும் நான் எடுத்ததாக நினைவில்லை. என் வேலை எனக்கு எவ்வளவு வேண்டும் என்று நானே சத்தமாகச் சொன்னது காதிலேயே இருந்தது. தேவிக்கும் அவ்வளவு வேண்டும். அதற்கும் மேலே வேண்டும். காலையில் அரை மணி முன்னதாகப் போய், பழுதுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு மிஸ் டி குரூஸின் மேசை முன் நின்றேன். பக்கத்தைக் காட்டினேன். ஒன்பதாம் ஜோடி, முன்கயிறு, பேச்சு விட்டு விட்டு வருகிறது. கீழே என் கையெழுத்து. சரிசெய்தாயிற்று என்று மெக்கானிக் போட வேண்டிய இடம் காலி.

"விளக்கு சிமிட்டுனத பாத்தேன் மிஸ். தேவி தலைய சாய்க்கிறதுக்கு முன்னாலயே."

"நேத்து ஏன் சொல்லல?"

"பயந்துட்டேன்."

"எதுக்கு?"

"எனக்கும் மூணு மாசம் மிஸ்."

திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவர் புத்தகத்தை, அந்தப் பக்கத்தில் விரலை வைத்தபடி மூடினார். எழுந்து அலமாரியிலிருந்து இன்னொரு புத்தகத்தை எடுத்தார். அலுவலக விதிகள் அடங்கிய நிலையாணைப் புத்தகம். தடித்தது, முதுகு கிழிந்தது. "எங்கூட வா" என்றார்.

அதிகாரியிடம் நான் சொன்னதையே மறுபடி சொன்னேன். அவர் முகம் சிவந்தது.

"நேத்து கவனிக்கலன்னு சொன்ன. இன்னிக்குப் பாத்தேன்கிற. ரெண்டுல எது பொய்?"

"நேத்து சொன்னது சார்."

"பொய் சொன்னதுக்கு உன்னையும் அனுப்பலாம், தெரியுமா?"

"தெரியும் சார்."

"இவள அப்புறம் பாத்துக்கலாம்" என்றார் மிஸ் டி குரூஸ். "முதல்ல கயிறப் பாருங்க."

அவரைப் பலகைக்கே அழைத்து வந்தார். மற்ற ஆறு பேரும் முதுகு நிமிர்த்தி வேலை செய்துகொண்டிருந்தார்கள் என்று சொல்ல ஆசைதான். உண்மையில் எல்லோர் கையும் நின்றுவிட்டது. மிஸ் டி குரூஸ் ஒன்பதாம் ஜோடியில் இரண்டு சோதனை எண்களை இணைத்தார். கயிற்றின் நுனியிலுள்ள பிளக்கின் கழுத்தை ஒரு விரலால் லேசாக அசைத்தார். விளக்கு சிமிட்டியது. மறுபடி அசைத்தார். மறுபடி சிமிட்டியது. "நீங்களே தொட்டுப் பாருங்க சார்." அவர் தொட்டார். இணைப்பு அறுந்தது. தேவி பக்கத்தில் உட்கார்ந்து தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதிகாரி அறைக்குத் திரும்பினார். நாங்கள் பின்னாலேயே போனோம். கொஞ்ச நேரம் பேனாவை உருட்டினார்.

"சரி. கடிதத்த வாபஸ் வாங்கிக்கிறேன். ஆனா என்ன பிரயோசனம்? ரெண்டு மாசத்துல அவ போயித்தானே ஆகணும்? இடத்தக் காலியா வைக்க முடியாது."

மிஸ் டி குரூஸ் நிலையாணைப் புத்தகத்தைத் திறந்து அவர் முன் வைத்தார். இரவு வேலை ஆண்கள் சிலர் ஊர்க்காவல் பயிற்சிக்குப் போகும்போது பயன்படுத்திய விதி. தற்காலிக ஊழியர் தவிர்க்க முடியாத காரணத்தால் வர முடியாதபோது, பயிற்சி பெற்ற பதிலாள் ஒருவரை மேற்பார்வையாளரின் ஒப்புதலோடு தம் இடத்தில் நிறுத்தலாம். இடம் அவருக்கே இருக்கும்.

"இது ஆம்பளைங்களுக்காக எழுதுனது, மிஸ் டி குரூஸ்."

"எங்க எழுதியிருக்கு சார்?"

அவர் படித்தார். தாளைத் திருப்பினார். மறுபடி முதலிலிருந்து படித்தார்.

"பயிற்சி பெத்த ஆளுக்கு எங்க போவீங்க?"

"மிஸிஸ் லிம் இருக்காங்க. நான்தான் பயிற்சி கொடுத்தேன்."

"வேகம் குறைஞ்சு ஒரு புகார் வந்தாலும், இந்த ஏற்பாடு அன்னிக்கோட முடிஞ்சுது."

"வராது சார்" என்றார் மிஸ் டி குரூஸ். பிறகு, முதல்முறையாக என் தோளைத் தொட்டு, "இந்தப் பொண்ணுக்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுங்க. கொடுக்க வேண்டியதுதான்" என்றார்.

கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டேன். நியாயமான கடிதம்.

மிஸிஸ் லிம்மைப் பார்க்க நானும் மிஸ் டி குரூஸும் போனோம். வீட்டில் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "தேவி வந்தா நான் மறுபடி வெளிய போகணும், இல்லையா?" என்றாள். மிஸ் டி குரூஸ் ஆமாம் என்றார். மறைக்கவில்லை. மிஸிஸ் லிம் துணியின் ஓரத்தை நகத்தால் நீவிக்கொண்டே இருந்தாள். "எனக்கு அன்னிக்கு இப்படி யாரும் கேக்கல" என்றாள். மிஸ் டி குரூஸ் அதற்கும் ஆமாம் என்றார். "நான் அன்னிக்கு இந்தப் புத்தகத்தத் தொறந்து பாக்கல. அது என் தப்பு." அவர் மன்னிப்புக் கேட்டு நான் பார்த்தது அன்று ஒருநாள்தான். மிஸிஸ் லிம் மெஷின்மேல் துணியைப் போர்த்திவிட்டு, எப்போது வர வேண்டும் என்று கேட்டாள்.

தேவிக்குப் பெண் குழந்தை. பிரசவத்துக்குப் பிறகு நான் பார்க்கப் போனேன். போகலாமா வேண்டாமா என்று கம்போங் செட்டி வரை போய், ஒருமுறை திரும்பியும் வந்தேன். மறுபடி போனேன். அவள் அம்மா குழந்தையை என் மடியில் வைத்தார். தேவி படுத்தபடியே, "நீ ரெண்டாவது நாள் சொன்ன" என்றாள். "முதல் நாள் சொல்லியிருக்கணும்."

"சொல்லியிருக்கணும் காக்."

"என் கை உன் பக்கம் வந்தப்ப நான் யோசிச்சதே இல்ல."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் தடுக்கவில்லை, அழவிட்டாள். பிறகு, ஒன்பதாம் ஜோடியைச் சரிசெய்துவிட்டார்களா என்று கேட்டாள். சரிசெய்துவிட்டார்கள் என்றேன். சிரித்தாள். நாங்கள் பழையபடி ஆனோம் என்று சொல்லமாட்டேன். ஆனால் அவள் பலகைக்குத் திரும்பிய முதல் நாள் என்னோடுதான் நடந்து வந்தாள்.

அவள் திரும்பி வந்ததும் நான் பிரசவத்துக்குப் போனேன். மிஸிஸ் லிம் தேவியின் நாற்காலியிலிருந்து எழுந்து என் நாற்காலியில் உட்கார்ந்தாள். எனக்குப் பிறகு இன்னொருத்தி. ஒரு புகாரும் வரவில்லை. வரவிடாமல் ஏழு பேரும் பார்த்துக்கொண்டோம்; ஒருத்தியின் விளக்கு ஒரு நொடி அதிகம் எரிந்தாலும் பக்கத்துக் கை போய்விடும். பலகை விரிவானபோது புது இடம் ஒன்று வந்தது. அதில் முதல் பெயர் மிஸிஸ் லிம்முடையது. தேவியின் கணவர் தேறி, சிறு வேலைக்குப் போனார். ஆனாலும் அந்தப் பெண் குழந்தை படித்து ஆசிரியையானது அம்மாவின் சம்பளத்தில்தான் என்று தேவி யாரிடமும் சொல்லத் தயங்கியதில்லை.

ஆனால் இதெல்லாம் ஓர் அலுவலகத்தில், ஒரு பழைய புத்தகத்தின் ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு நாங்கள் தொங்கிய கதை. சட்டம் அப்படியேதான் இருந்தது. ஆசிரியைகளும் தாதிகளும் எங்களைப் போன்றவர்களும் வருடக்கணக்காக மனுக் கொடுத்தோம், கூட்டம் போட்டோம். ஒரு கூட்டத்தில் எழுந்து நின்று தேவி மலாயில் பேசினாள். என் அப்பா கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்டார். சுதந்திரம் வந்து வெகு வருடம் கழித்துத்தான் அந்தச் சுற்றறிக்கை வந்தது. கல்யாணமான பெண்ணும் நிரந்தரமாக இருக்கலாம். ராஜினாமா வேண்டாம்.

அதை எங்களுக்கு வாசித்துக் காட்டியவர் மிஸ் டி குரூஸ். அப்போது அவருக்குத் தலை முழுக்க நரைத்துவிட்டது. ஓய்வு பெற இன்னும் சில வருடம்தான். இரண்டு முறை வாசித்தார். ஆங்கிலத்தில் ஒருமுறை. பிறகு, கோபமே இல்லாமல், மலாயில் ஒருமுறை. சுற்றறிக்கையை அறிவிப்புப் பலகையில் குத்திவிட்டுத் தம் மேசைக்குப் போய் உட்கார்ந்தார். நாங்கள் கைதட்டியது அவர் காதில் விழுந்ததா என்று தெரியவில்லை.

மூன்று வாரம் கழித்து எங்கள் ஒவ்வொருவர் நாற்காலியிலும் ஓர் உறை இருந்தது. பிரித்தால், கல்யாணப் பத்திரிகை. மணமகள் மிஸ் டி குரூஸ். மணமகன் சுங்க அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர். எங்களில் யாரும் அவர் பெயரைக் கேள்விப்பட்டதில்லை.

கடற்கரை ஓரத்துத் தேவாலயத்தில் கல்யாணம். சேலையும் கெபாயாவும் சீனச் சியோங்சாமுமாக நாங்கள் ஒரே வரிசையில் உட்கார்ந்தோம். மாப்பிள்ளை உயரமான மனிதர், லேசான கூன், கைத்தடி. விருந்தின்போது மிஸிஸ் லிம்தான் துணிந்து அவரிடம் போய், எத்தனை வருடமாகப் பழக்கம் என்று கேட்டாள். அவர் விரலை மடித்து எண்ண ஆரம்பித்தார். ஒரு கை முடிந்து, மறுகை முடிந்து, மறுபடி முதல் கைக்கு வந்தபோது, பக்கத்தில் நின்ற மிஸ் டி குரூஸ் அவர் கையைப் பிடித்து நிறுத்திவிட்டார்.

"நான் வேலைய விட்டுட்டு வரேன்னு ஒரு தடவ சொன்னேன்" என்றார் எங்களிடம். "விடாதேன்னு சொன்னது இவர்தான்."

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு அவர் வேலைக்கு வந்தார். அதே சாம்பல் நிறப் பாவாடை, அதே செருப்பு. வருகைப் பதிவேட்டைத் திறந்து, பழைய பெயரில் பாதி எழுதி, நிறுத்தி, அடித்துவிட்டு, பக்கத்தில் புதுப் பெயரை முழுதாக எழுதினார். எழுதியதைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் பின்னால் வந்து நின்று, "உன் விளக்கு எரியுது, பாக்கியம்" என்றார்.